இடக்கை முடிச்சு

வருசத்துக்கு ஒருமுறை மலேசியாவிலிருந்து வரும் அந்த ஒற்றைத் தாளுக்குக் கருத்தக்கண்ணன் வீட்டில் சாமி படத்துக்கு இருக்கும் மரியாதை உண்டு. இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ரேகை வைத்து அனுப்புகிற தாள் அது. கிடைத்த மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சமயநல்லூரில் பஸ் ஏறித் தல்லாகுளம் போய், நோட்டரி வக்கீல் முன்னால் இடது பெருவிரலை மையில் அமுக்கி வைத்துவிட்டு வந்தால் மேற்கொண்டு ஒரு வருசத்துக்கு ஊனத்தொகை நிற்காமல் வரும். வீட்டில் அன்றைக்குக் கறிச்சோறு.

இரண்டாயிரத்து மூன்று ஆடி மாசம் வந்தது அந்தத் தாள் இல்லை.

மகள் சுபலட்சுமி நர்சிங் இரண்டாம் வருசம் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவள் இங்கிலீசில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னாள். வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு உதவி வாங்குகிறவர்களை இந்த வருசம் நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள். டாக்டர் ஒருத்தர் வருவார். கையைப் பார்ப்பார், வீட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். வேலை செய்ய முடியாதவர்தான் என்று எழுதிவிட்டால் சாகும்வரை தொகை உண்டு, மறுபடி சோதனை கிடையாது. செய்ய முடிகிறது என்று தெரிந்தால் அன்றோடு சரி. இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள்.

"கேக்கட்டும், கேக்கட்டும். எங்க போயி எடுத்துக் குடுக்குறது?" என்றாள் இருளாயி. விடியுமுன் மல்லிகைப்பூ எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மடியிலிருந்த அரும்புகளைச் சாக்கில் கொட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கருத்தக்கண்ணன் எழுந்து பின்பக்கம் மாட்டுக் கொட்டத்துக்குப் போனான். அங்கே வைக்கோலுக்கு அடியில் மச்சினன் சோணைமுத்துவின் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார், உள்ளே கம்பி சுற்றிய காயில் எரிந்துபோய், பாதி பிரித்த நிலையில் கிடந்தது.

விசயம் இதுதான். அந்த நாட்டுக் கணக்கில் அவன் எந்த வேலையும் செய்ய லாயக்கில்லாத ஆள். இந்த ஊர்க் கணக்கில் அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இரண்டும் ஒரே வீட்டில் ஆறு வருசமாக ஒளிந்து ஒளிந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

பத்தொன்பது வயதில் பெரியப்பாவைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போனவன். பலகைத் தொழிற்சாலையில் மோட்டார் பிரிவு. அங்கேயே நிரந்தரக் குடியிருப்புக்கான சிவப்பு அட்டையும் வாங்கினான். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவான். கல்யாணம், பிள்ளை எல்லாம் அப்படி வந்துபோன லீவில்தான். தொண்ணூற்றாறில் வலது கை பெல்ட்டில் போனது. மூன்று விரல் இல்லை, மணிக்கட்டு திரும்பாது. அந்த நாட்டு அரசாங்கம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டது. வேலை செய்யாதவரைக்கும் மாசாமாசம் பணம், எந்த ஊரில் வேண்டுமானாலும் இருந்துகொள் என்றார்கள். அங்கே வாடகைக்கே பற்றாத பணம், இங்கே ஒரு குடும்பத்துக்குப் போதும். வந்துவிட்டான்.

வந்த முதல் வருசம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன்தான். குளிப்பதில்லை, சவரம் இல்லை, பேச்சில்லை. அரளிச் செடியை இருளாயியே வேரோடு பிடுங்கிப் போட்டாள், அந்த அளவுக்குப் பயம். அப்போதுதான் ஒருநாள் சோணைமுத்து எரிந்துபோன மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். "மச்சான், காயில் போயிருச்சு. வாடிப்பட்டியில குடுத்தா இழுத்தடிக்கிறாய்ங்க. கொஞ்சம் பாருங்களேன்" என்றான். கருத்தக்கண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மறுநாள் குளித்தான். அதற்கு மறுநாள் சவரம் செய்துகொண்டு, மதுரையிலிருந்து எனாமல் கம்பி வாங்கிவரச் சொன்னான்.

இடது கையைப் பழக்குவதற்கு எட்டு மாசம் ஆனது. கம்பியைச் சுற்றிச் சுற்றிச் சுருளாக்க வேண்டும், சுருளை இரும்புக் காடிப் பள்ளங்களுக்குள் ஒவ்வொரு இழையாக இறக்க வேண்டும், காகிதம் செருக வேண்டும், கடைசியில் நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு வார்னிஷ் ஊற்ற வேண்டும். வலது கையில் மிச்சமிருந்த பெருவிரலையும் சுண்டுவிரலையும் கிடுக்கிபோல வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையால் செய்தான். வலக்கைக்காரன் கட்டினால் நூல் வலப்பக்கம் சாயும். இவன் கட்டினால் இடப்பக்கம் சாயும். "இந்த ஜில்லாவுல இடதுல சாயிற நூலு நம்மளது மட்டுந்தேன்" என்று இருளாயியிடம் சொல்லிச் சிரிப்பான். ஆறு வருசத்தில் ஒரு மோட்டார்கூடக் கோளாறு என்று திரும்பி வந்ததில்லை. கிள்ளானில் இருந்தபோதுகூட அவனுக்கு அந்தப் பேர் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தப் பேரை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை வந்தால் மறுநாளே மொட்டைக் கடுதாசி போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எவனாவது மலேசியாவுக்கே எழுதிவிட்டால்? கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்க்கக்கூட அவன் வயலுக்குப் போனதில்லை. கொட்டத்தில் மூன்று பேஸ் கரண்ட் கிடையாது. ஊரார் மோட்டார்களைச் சோணைமுத்துதான் இருட்டோடு கொண்டுவந்து, கட்டியதும் இருட்டோடு எடுத்துப் போவான், மறுநாள் வந்து "ஜம்முனு ஓடுது மச்சான்" என்பான். அந்த ஒரு வார்த்தைதான் கூலி. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இருமல் வரும், புது ஆள் தெருவில் வந்தால் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிடுவான். நாற்பத்தாறு வயது மனுசன், சொந்த வீட்டில் திருடன் மாதிரி வாழ்ந்தான்.

டாக்டர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் வீட்டில் ஒத்திகை நடந்தது. சோணைமுத்துதான் டாக்டர். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு என்ன வேலை செய்யிறாரு?"

"ஒரு வேலையும் செய்ய மாட்டாக" என்றாள் இருளாயி.

"வெளக்கமா சொல்லு."

"சட்டைப் பித்தான் நாந்தேன் போட்டு விடணும். சோறு எடது கையில. செம்புத் தண்ணி தூக்க மாட்டாக. வயக்காட்டுப் பக்கமே போறதில்ல."

"அழுகணும்க்கா. சும்மா பூ விலை சொல்ற மாதிரி சொல்ற."

"அழுகச் சொன்னா அழுக வருமாடா? அது வாரப்ப வரும்."

கருத்தக்கண்ணன் சிரித்தான். "மாப்ள, நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. அன்னைக்கு நீ பேசாம நின்னா அதுவே போதும்."

"நான் ஏன் பேசப்போறேன்? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

சுபலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் பொய்யாவே சொல்லணுமா மாமா?" என்றாள்.

"ஒம் படிப்பு அதுலதேன் ஓடுது தாயி" என்றான் சோணைமுத்து. அவள் எழுந்து போய்ப் பூச்சாக்கைத் தண்ணீர் தெளித்து மூடினாள்.

அன்றைக்கு ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. வைகையில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டத்தைக் காலி செய்தார்கள். மோட்டாரைப் பாதி பிரித்துப் போட்டிருந்ததால் தூக்கிப் போக முடியாமல் வைக்கோலை இன்னும் உயரமாகப் போட்டு மூடினார்கள். வார்னிஷ் வாடை மட்டும் போகவில்லை. சாணி மெழுகிப் பார்த்தார்கள், சாம்பிராணி போட்டார்கள். கடைசியில் இருளாயி நெத்திலிக் கருவாட்டைக் கொட்டத்து வாசலிலேயே சுட்டாள். அதற்குப் பிறகு வேறு எந்த வாடைக்கும் அங்கே இடமில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் வாடகைக் காரில் பதினோரு மணிக்கு வந்தார். ரொஹானா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், தலையைச் சுற்றி வெளிர்நீலத் துணி, காலில் துணிச் செருப்பு. இறங்கியதும் மலாயில் நலம் விசாரித்தார். ஏழு வருசம் கழித்து அந்தப் பாசையைக் கேட்டதில் கருத்தக்கண்ணன் கையைத் துண்டால் மூடக்கூட மறந்தான். கிள்ளானில் எந்தத் தெரு, எந்தக் கடைச் சோறு என்றெல்லாம் பேசிக்கொண்டே அவர் கையைப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பினார், விரல்களுக்கு நடுவே பேனாவைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். பேனா விழுந்தது. அதில் நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

இளநீர் குடித்துவிட்டு விசாரணைத் தாளை எடுத்தார். அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு மலாயும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. சுபலட்சுமிதான் நடுவில் நின்று இங்கிலீசிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து இங்கிலீசுக்கும் சொன்னாள். இருளாயி ஒத்திகையைவிட நன்றாகவே சொன்னாள். செம்புத் தண்ணீர் வந்த இடத்தில் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு முத்திருளன், "பாவம்ங்க, நல்லா இருந்த மனுசன்" என்று சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது.

"இவரால வீட்டுக்கோ ஊருக்கோ ஏதாச்சும் உபயோகம் உண்டானு கேக்குறாங்க" என்றாள் சுபலட்சுமி.

இருளாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். முத்திருளன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆட்டினார். டாக்டர் திரும்பிச் சோணைமுத்துவைப் பார்த்தார்.

சோணைமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். இந்தச் சீமையில் அது நல்ல சகுனமில்லை.

"என்னத்தா கேக்குறாக? உபயோகம் உண்டானா? யாரப் பாத்து யாரு கேக்குறது? சுத்துப்பட்டு எட்டு ஊருக்கு மோட்டாரு காயில் கட்டுறது எங்க மச்சான்தேன்னு சொல்லு! அவரு கை வச்சா அப்பீல் கெடையாதுனு சொல்லு! உபயோகமில்லாத ஆளா இவரு? அவுக வேணா ஒரு மோட்டாரு கட்டிக் காட்டட்டும், பாப்போம்!"

அக்கா காலை மிதித்ததும்தான் அவனுக்குப் புத்தி வந்தது. என்ன செய்ய? வெளியூர்க்காரி ஒருத்தி முன்னால் வீட்டு மாப்பிள்ளையை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஒப்புக்கொள்ள அந்த வாய் பழக்கப்படவில்லை. 'மோட்டார்' என்ற சொல் எந்தப் பாசைக்கும் தெரியும். டாக்டர் பேனாவை மூடினார்.

"பின்பக்கம் பார்க்கலாமா?" என்றார்.

கொட்டத்தில் கன்றுக்குட்டி வைக்கோலை இழுத்துத் தின்று, மோட்டாரின் இரும்பு முதுகை வெளியே கொண்டுவந்திருந்தது. காலடியில் சிவப்பாகக் கம்பித் துணுக்குகள். டாக்டர் குனிந்து ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். இருளாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கருத்தக்கண்ணனுக்குக் காதில் காற்று மட்டும்தான் கேட்டது. தலைக்குள் மகளின் வெள்ளைக் கோட்டு போய்வந்தது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

அப்போதுதான் சுபலட்சுமி இங்கிலீசில் பேசினாள். மெதுவாக, டாக்டர் பக்கத்தில் போய்நின்று பேசினாள். ஆனாலும் அவனுக்குக் கேட்டது, கிள்ளானில் காதில் விழுந்து பழகிய இங்கிலீசு என்பதால் புரிந்தது.

"மாமா சொல்வது உண்மை இல்லை, டாக்டர். அப்பா காயில் கட்டுவார். ஆனால் அவர் கட்டுவது நிற்காது. அந்தக் கையால் கம்பியை இறுக்க முடியாது. ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் எரிந்துவிடும். இங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போய், வாடிப்பட்டியில் ஒரு கடையில் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டுவார்கள். அப்பா படுத்தே கிடந்தார். செத்துப்போவார் என்று பயந்தோம். அதனால் ஊரில் எல்லாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள்."

டாக்டர் அவளையே பார்த்தார். "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. துடைக்கவில்லை. டாக்டர் கம்பித் துணுக்கைத் தரையில் போடாமல் வைக்கோல்மேல் பத்திரமாக வைத்தார். வந்து கருத்தக்கண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, மலாயில், "உங்கள் மகள் நல்ல பிள்ளை" என்றார். தாளில் கடைசி வரியை அவன் முன்னாலேயே எழுதினார். நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர், இனிச் சோதனை தேவையில்லை.

கார் புழுதியோடு வளைவில் திரும்பியதும் சோணைமுத்து தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டான். "கெடுத்தேன்னே நெனச்சேன் மச்சான். பிள்ள என்னமோ சொல்லிச்சு, அந்தம்மா அப்பிடியே கரைஞ்சுருச்சு. என்னத்தா சொன்ன?"

"என்னமோ சொன்னேன் மாமா" என்று சுபலட்சுமி உள்ளே போய்விட்டாள்.

"நான் சொல்றேன்டா, அது சொன்னத" என்று கருத்தக்கண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னான். எரிந்துபோகும் என்றது, வாடிப்பட்டி என்றது, அப்பாவுக்குத் தெரியாது என்று அழுதது, எல்லாவற்றையும் சொன்னான். "எம் மகளுக்கு இம்புட்டு சாமர்த்தியமா? நர்சு வேலைக்கு அனுப்பினது தப்பு மாப்ள, வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்!"

முத்திருளன் தண்ணீர் குடிக்கப் போனார். சோணைமுத்து, "ஆமா மச்சான், கெட்டிக்காரப் பிள்ள" என்றான். சொல்லிவிட்டுக் கோழி பிடிக்கப் போனான். கோழி அடித்தார்கள். இருளாயி குழம்பில் உப்பை இரண்டுதரம் போட்டாள். சுபலட்சுமி தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கருத்தக்கண்ணன் ஒருவன்தான் எலும்பைக் கடித்துக் கடித்துச் சாப்பிட்டான். இனி எவனுக்கும் பயமில்லை. மொட்டைக் கடுதாசி போடுகிறவன் போட்டுக்கொள்ளட்டும்.

மறுநாள் விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். எங்கே என்று கேட்ட இருளாயியிடம், "சும்மா, காத்தாட" என்றான். ஆறு வருசத்தில் முதல்முறையாகச் சோணைமுத்துவின் கிணற்றுக்குப் போனான். கரண்ட் இல்லாத நேரம். பம்புசெட் அறை திறந்தே கிடந்தது. சித்திரையில் அவன் கட்டிக்கொடுத்த இன்னொரு மோட்டார் அங்கே சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தது. பேரன் பேத்தியைப் பார்க்க வந்தவன் மாதிரி அதைத் தடவிக் கொடுத்தான். நான்கு மாசம் ராப்பகலாக ஓடியும் நிறம்கூட மாறவில்லை. உள்ளே எப்படி இருக்கிறதோ, பார்க்க வேண்டும் போலிருந்தது.

மூலையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, பின்மூடியின் நான்கு போல்ட்டையும் இடது கையால் கழற்றினான். வேர்த்து ஊற்றியது. மூடியை இழுத்து எடுத்து உள்ளே பார்த்தான்.

சுருள்கள் இறுக்கமாக, ஒழுங்காக, கல்மாதிரி உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கட்டியிருந்தது நீல நூல். அவன் வெள்ளை நூல்தான் வாங்குவான். நூலின் ஒவ்வொரு முடிச்சும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

விரலால் தடவிப் பார்த்தான். மறுபக்கம் போய்நின்று பார்த்தான். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது வலக்கை முடிச்சு.

ஒரு மோட்டார்கூடத் திரும்பி வராததன் காரணம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. திட்டிலேயே உட்கார்ந்தான். தபால்காரருக்குப் பயந்தது, துண்டால் கையை மூடியது, புது ஆளைக் கண்டு இருமியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு அரசாங்கத்தையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஆறு வருசம் நடுங்கியிருக்கிறான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் எழுதி வைத்தது அத்தனையும் உள்ளதுதான். அழுகை வந்தது. அழுதான். பிறகு மூடியைப் பொருத்தி, நான்கு போல்ட்டையும் முடிந்தமட்டும் முறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் முத்திருளன் நின்றிருந்தார். பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு மோட்டார். கொட்டத்துப் பக்கமிருந்து இருளாயியும் கதவு மறைவிலிருந்து சுபலட்சுமியும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணண்ணே, ராத்திரி லோ வோல்டேஜு. காயில் போயிருச்சு" என்றார் முத்திருளன். "அவசரமில்ல. ஒங்களுக்கு முடியிறப்ப..."

கருத்தக்கண்ணன் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். மகளைப் பார்த்தான். பூவெடுத்து வெந்துபோயிருந்த இருளாயியின் விரல்நுனிகளைப் பார்த்தான்.

"கொட்டத்துல எறக்கி வச்சுட்டுப் போங்கண்ணே" என்றான். "நாலு நாள் ஆகும். நல்லா இறுக்கிக் கட்டித் தாரேன்."